ஆட்டுக் கண்ணின் வெள்ளை முத்து

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாமைச் சோற்றில் ஆட்டுத் தலைக்கறிக் குழம்பை ஊற்றியதும், கறித்துண்டுகளோடு வெள்ளை உருண்டை ஒன்றும் இலையில் வந்து விழுந்தது. கோலிக்குண்டைவிடச் சற்றுச் சிறியது; சுண்ணாம்பு நிறம். விரலால் நசுக்கினால் வெங்காயம்போல அடுக்கடுக்காகப் பிரிந்தது. “அது கண்ணு முத்து. பிள்ளைங்க சண்டை போட்டுத் தின்னும்” என்றார் பரிமாறிய அம்மா. மீன் குழம்பு சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த முத்து பழக்கம்தான். மீன் தலையை உறிஞ்சும்போது நாக்கில் தட்டுப்படும் வெள்ளைக் குண்டு இதுவே.

மறுநாள் காலை கறிக்கடையில் ஆட்டுக்கண் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கத்தியால் மெல்லக் கீறி உள்ளிருந்த வில்லையை எடுத்தபோது அது கண்ணாடித் துளிபோல இருந்தது. நாளிதழின் மேல் வைத்தேன். அடியில் இருந்த எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தன. முந்தின நாள் இலையில் விழுந்த அதே பொருள்தான். குழம்பு அதில் வெள்ளைச் சாயம் எதையும் ஏற்றிவிடவில்லை. சூடு மட்டும்தான் பட்டது. ஒளியைத் தடையின்றி விட்ட பொருள் ஒளியை மறிக்கும் பொருளாக எப்படி மாறியது?

நம் வீட்டுப் பெரியவர்களின் கண்ணில் புரை விழும்போதும் இதே கேள்விதான் எழுகிறது. குழம்புச் சட்டியில் அரைமணி நேரத்தில் நடப்பதற்குக் கண்ணில் அறுபது ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கேள்வியைத் துரத்திப் போனவர்களுக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கான புரதங்களின் கூட்டத்தில் ஒன்றே ஒன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கருவி. அதை முயல்களின் இரத்தத்திலிருந்து எடுத்தார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கருவியைப் பற்றியது.

தேன் தெளிவதும் உறைவதும்

கண் வில்லையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். இவ்வளவு அடர்த்தியாகப் புரதத்தைக் கரைத்து வைத்திருக்கும் பகுதிகள் உடம்பில் மிகச் சிலவே. பாலில் இருக்கும் புரதம் இதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் பால் வெள்ளையாக இருக்கிறது, வில்லை பளிங்காக இருக்கிறது.

ஜவ்வாது மலைத் தேனை வாங்கி வைத்தவர்கள் இதன் சூட்சுமத்தைப் பாட்டிலிலேயே பார்த்திருப்பார்கள். புதுத் தேனில் சர்க்கரை நெருக்கமாக, ஆனால் சீராகக் கரைந்திருக்கிறது. அதனால் மறுபக்கம் தெரிகிறது. சில மாதங்களில் அதே சர்க்கரை அங்கங்கே திரண்டு குருணையாகிறது. தேன் கலங்கிவிடுகிறது. பொருள் மாறவில்லை, அது அமர்ந்திருக்கும் விதம் மாறிவிட்டது. ஒளியின் அலைநீளத்தை எட்டும் அளவுக்குத் திரள்கள் பெருத்தால் அவை ஒளியைச் சிதறடிக்கும். வில்லைப் புரதங்கள் நெருக்கியடித்து, அதே சமயம் ஒன்றோடொன்று ஒட்டாமல் அமர்ந்திருக்கும் வரை கண் தெளிவாக இருக்கும். அவை திரளத் தொடங்கினால் புரை. உறைந்த தேனை வெந்நீரில் வைத்தால் மறுபடி தெளியும். திரண்ட புரதத்துக்கு அந்த வழி இல்லை.

இந்தப் புரதங்களை 1894இல் பிரித்து ஆராய்ந்த சுவீடன் நாட்டு மோர்னர் அவற்றுக்குக் கிரிஸ்டலின் என்று பெயரிட்டார். பளிங்குபோன்ற வில்லையில் இருப்பவை என்பதால் வந்த பெயர் அது. இவை உப்பு, கற்கண்டு போன்ற படிகங்கள் அல்ல. நம் கண்ணில் ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று வகைக் கிரிஸ்டலின்கள் உள்ளன. வில்லையில் கரைந்திருக்கும் புரதத்தில் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காடு இவைதான்.

இவற்றின் இன்னொரு குணத்தைச் சொல்ல, மலையில் சற்றுத் தள்ளியிருக்கும் காவலூருக்குப் போக வேண்டும். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அதன் ஆடியில் பூசிய அலுமினியப் படலம் காற்றுபட்டு, தூசிபட்டு மங்கும். மங்கினால் ஆடியைக் கழற்றிக் கழுவி, வெற்றிடக் கலனில் வைத்துப் புதிதாக அலுமினியம் பூசுவார்கள். நம் கண் வில்லைக்கு அந்த வசதி இல்லை. வில்லையின் நடுப்பகுதிச் செல்கள் முதிரும்போது, ஒளிக்கு இடையூறாகாமல் இருக்கத் தங்கள் உட்கருவையே இழந்துவிடுகின்றன. புதுப் புரதம் செய்யும் பட்டறையும் அத்தோடு மூடப்படுகிறது. தாயின் வயிற்றில் இருந்தபோது செய்த புரதத்தை வைத்துக்கொண்டுதான் எண்பது வயதிலும் பார்க்கிறோம்.

இது எப்படித் தெரியும்? 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கரி–14 கூடியது. சோதனைகள் நின்ற பிறகு ஆண்டுதோறும் குறைந்தது. அதனால் ஒவ்வோர் ஆண்டின் காற்றுக்கும் ஒரு முத்திரை உண்டு. டென்மார்க் ஆய்வாளர்கள் 2008இல் இறந்தவர்களின் வில்லைப் புரதத்தில் அந்தக் கரியை அளந்தார்கள். அது அவர்கள் இறந்த ஆண்டின் முத்திரையைக் காட்டவில்லை. பிறந்த காலத்தின் முத்திரையைக் காட்டியது.

தலைவியோடு போகும் தோழி

புதுப்பிக்கவே முடியாத புரதம் அறுபது, எழுபது ஆண்டுகள் திரளாமல் இருப்பதுதான் உண்மையான அதிசயம். யாரோ காவல் இருக்க வேண்டும். 1992இல் அமெரிக்காவின் ஜோசப் ஹார்விட்ஸ் அந்தக் காவலைக் கண்டுபிடித்தார். பீட்டா, காமா கிரிஸ்டலின் கரைசலைச் சூடாக்கினால் சோதனைக்குழாய் பால்போல வெளுக்கும். நம் ஆட்டுக்கண் முத்தின் கதைதான். அதனுடன் ஆல்ஃபா கிரிஸ்டலினைச் சேர்த்துச் சூடாக்கினால் கரைசல் தெளிவாகவே இருந்தது. சூட்டில் மடிப்பு அவிழ்ந்து தடுமாறும் புரதத்தை ஆல்ஃபா பிடித்துக்கொண்டு, அது மற்றவற்றோடு ஒட்டித் திரளவிடாமல் காக்கிறது.

சங்க அகப்பாடல்களில் தலைவி கலங்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு தோழி இருப்பாள். இந்த வேலையைச் செய்யும் புரதங்களைத் தோழிப் புரதங்கள் என்று சொல்லலாம். ஹைதராபாத்தில் உள்ள செல்லியல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் பக்திசரண் ராமனும் மோகன் ராவும் 1994 முதல் இந்தத் தோழியை நெருங்கி ஆராய்ந்தார்கள். வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டும்போது ஆல்ஃபாவின் அமைப்பு சற்று நெகிழ்ந்து, அதன் காக்கும் திறன் கூடுகிறது என்று காட்டினார்கள். ஆபத்து நெருங்க நெருங்க தோழி விழித்துக்கொள்கிறாள்.

ஹார்விட்ஸின் கண்டுபிடிப்புக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1982இல், ஒரு குறிப்பு கிடைத்திருந்தது. பழ ஈக்களைச் சூட்டில் வைத்தால் அவற்றின் செல்கள் சில சிறு புரதங்களை அவசரமாகச் செய்யும். அந்தப் புரதங்களின் வரிசை ஆல்ஃபா கிரிஸ்டலினை ஒத்திருந்தது. அப்படியானால் ஆல்ஃபா கண்ணுக்கு மட்டும் உரியதுதானா? இதயத்திலோ மூளையிலோ அது ஒளிந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு அந்த ஒரு புரதத்தை மட்டும் அறிந்த சாட்சி வேண்டும்.

பாம்புக்கடி மருந்து சொல்லும் பாடம்

அந்தச் சாட்சிதான் எதிர்ப்பொருள். மலைவாழ் மக்களுக்கு அது புதிதல்ல. பாம்பு கடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் ஏற்றுவது அதைத்தான். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்துத் தருகிறார்கள். அதைச் சிறு அளவுகளில் குதிரைக்கு ஊசி போடுவார்கள். குதிரையின் உடல் நஞ்சை அந்நியன் என்று அறிந்து, அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்களைத் தன் இரத்தத்தில் பெருக்கும். அவைதான் எதிர்ப்பொருட்கள், ஆய்வகங்களில் ஆன்டிபாடி என்பார்கள். அவற்றைப் பிரித்தெடுத்ததே பாம்புக்கடி மருந்து.

எதிர்ப்பொருள் ஒரு கவைக்கொம்புபோல இருக்கும். இரண்டு கவை நுனிகளும் எதிரே உள்ள புரதத்தின் ஒரு சிறு பகுதியைத் தடவிப் பார்த்துப் பற்றும். அந்தச் சிறு பகுதியைப் பற்றிடம் என்று அழைப்போம். முழுப் புரதத்தையும் அது பார்ப்பதில்லை. பத்துக்கும் குறைவான அமினோ அமிலங்களின் வளைவே சில சமயம் போதும். நான்கு பாம்புகளுக்குச் செய்த மருந்து குழிவிரியன் கடிக்குச் சரியாக வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான். அதன் நஞ்சில் உள்ள பற்றிடங்கள் வேறு.

குதிரைக்கு நஞ்சு கொடுப்பதுபோல முயலுக்குக் கிரிஸ்டலின் கொடுத்தால் கிரிஸ்டலினைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருள் கிடைக்கும். இந்த வழியில் முதலில் போனவர்களில் ஒருவர் ஜெர்மனியின் பால் ஊலன்ஹுத். முயல் இரத்தத்து எதிர்ப்பொருளைக் கொண்டு, உலர்ந்த இரத்தக்கறை மனிதனுடையதா விலங்கினுடையதா என்று பிரித்தறியும் முறையை 1901இல் உருவாக்கியவர் அவர். கொலை வழக்குகளில் உடனே பயன்பட்டது. இரத்தத்தின் எதிர்ப்பொருள் இனத்துக்கு இனம் வேறுபாடு கண்டது. 1903இல் அவர் மாட்டுக்கண் வில்லைக்கு எதிர்ப்பொருள் செய்து சோதித்தபோது நேர்மாறாக நடந்தது. மாட்டு வில்லையை அறிந்த எதிர்ப்பொருள் பிற விலங்குகளின் வில்லையையும் பற்றியது. ஆனால் அதே மாட்டின் இரத்தத்தைக் கண்டுகொள்ளவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் உயிரினங்கள் பிரிந்து போன பிறகும் வில்லைப் புரதங்கள் அவ்வளவாக மாறவில்லை என்ற சேதி அதில் இருந்தது.

பால்பவுடர் தேவைப்படும் ஆய்வு

இன்று ஆய்வகத்தில் கிரிஸ்டலினைத் தேடும் வழக்கமான முறையைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். வில்லையையோ இதயத் தசையையோ உப்புக் கரைசலில் அரைத்து, சோப்பு வகை வேதிப்பொருளோடு சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். மடிந்திருந்த புரதங்கள் எல்லாம் நூலாக நீள்கின்றன. அதைக் கடற்பாசி ஜெல்லிபோன்ற மெல்லிய பலகையின் விளிம்பில் உள்ள குழியில் விட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். ஜெல்லி ஒரு சல்லடை. சிறிய புரதங்கள் வேகமாக நழுவிக் கீழே போகும். பெரியவை மேலேயே தங்கும். ஆல்ஃபா கிரிஸ்டலின்கள் சிறியவை. கீழ்ப்பகுதியில் வந்து நிற்கும்.

அடுத்து, ஜெல்லியின்மேல் தாள்போன்ற வெண் படலத்தை வைத்து, மறுபடியும் மின்சாரத்தால் புரதங்களை அதில் ஒற்றி எடுக்கிறார்கள். மை உறிஞ்சும் தாளில் எழுத்து ஒட்டுவதுபோல ஒவ்வொரு புரதமும் தன் இடம் மாறாமல் படலத்துக்கு வந்துவிடும். ஆய்வகத்தார் வெஸ்டர்ன் பிளாட் என்பது இந்த ஒற்றியெடுப்பைத்தான்.

இப்போது கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்து, படலத்தை அதில் ஊற வைப்பார்கள். வீட்டில் இருக்கும் அதே பால்பவுடர்தான். படலம் எந்தப் புரதத்தையும் ஒட்டவைத்துக்கொள்ளும் குணமுடையது. எதிர்ப்பொருளும் புரதம் என்பதால் கண்ட இடத்தில் ஒட்டிவிடும். பால் புரதம் காலி இடங்களை எல்லாம் முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. இனி எதிர்ப்பொருள் தன் பற்றிடம் இருக்கும் இடத்தில்தான் நிற்க முடியும். அதை ஊற்றி, அலசி, பிறகு அந்த முயல் எதிர்ப்பொருளையே பற்றும் இரண்டாம் எதிர்ப்பொருளை ஊற்றுவார்கள். இரண்டாவது ஒளிதரும் நொதியைச் சுமந்து வரும். கடைசியில் இருட்டறையில் படலத்தின்மேல் ஒரு கோடு ஒளிரும். நகத்தளவு அகலமுள்ள அந்தக் கோடுதான் “இங்கே இருக்கிறேன்” என்ற பதில்.

இத்தகைய எதிர்ப்பொருட்களின் துணையோடு 1989இல் பல ஆய்வுக்குழுக்கள் அடுத்தடுத்து ஒரு செய்தியை வெளியிட்டன. சூரஜ் பட், நாகினேனி ஆகியோர் அவர்களில் இருவர். ஆல்ஃபா கிரிஸ்டலினில் ஏ, பி என இரண்டு உறுப்பினர்கள் உண்டு. அவற்றில் பி, கண்ணைத் தாண்டி இதயம், தசை, சிறுநீரகம், மூளை ஆகியவற்றிலும் இருந்தது! அலெக்சாண்டர் நோய் என்ற அரிய மூளைநோயில் திரளும் இழைகளிலும் அதே ஆண்டு ஆல்ஃபா பி அடையாளம் காணப்பட்டது. வில்லைக்கே உரியது என்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நம்பிய புரதம், உடம்பெங்கும் காவல் வேலை பார்க்கும் தோழி என்று தெரியவந்தது.

கண்ணில் வேறு வேலைக்குப் போனவர்கள்

கதை அத்தோடு நிற்கவில்லை. 1987இல் கிரேம் விஸ்டோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வாத்தின் வில்லையில் உள்ள எப்சிலான் கிரிஸ்டலின், தசைகளிலும் பிற உறுப்புகளிலும் சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுக்க உதவும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதியேதான் என்று காட்டினார்கள். கினிப்பன்றியின் ஜீட்டா கிரிஸ்டலினும், கங்காருவின் மியூ கிரிஸ்டலினும் இப்படி வேறு வேலையிலிருந்து கண்ணுக்கு அழைத்து வரப்பட்டவையே. ஊர்த் திருவிழாவில் ஆள் பற்றாமல் போனால் தச்சரும் கொல்லரும் தேர் வடம் பிடிப்பார்கள். நன்றாகக் கரைந்து நிற்கும், எளிதில் கெடாத எந்தப் புரதத்தையும் பரிணாமம் வில்லையில் நிரப்பிக்கொண்டது.

நம் கண் வில்லை ஜீட்டாவையோ மியூவையோ நம்பி இல்லை. ஆனால் ஜீட்டாவின் உறவுப் புரதம் நம் உடலில் நொதியாக வேலை செய்கிறது. மியூவின் உறவுப் புரதம் தைராய்டு ஹார்மோனைப் பிடித்து வைக்கிறது, அதன் மரபணுப் பிழை காதுகேளாமையோடு தொடர்புடையது. ஆய்வகப் பொருள் பட்டியலில் “கிரிஸ்டலின் எதிர்ப்பொருள்” என்று பார்த்ததும் அது கண்ணைப் பற்றியது என்று நினைத்துவிடக் கூடாது. கேட்கிறவர் கல்லீரலையோ காதையோ ஆராய்கிறவராக இருக்கலாம்.

சாட்சியைச் சோதிப்பது

இங்கேதான் எச்சரிக்கை தேவை. ஆல்ஃபா ஏ 173 அமினோ அமிலங்கள் கொண்டது, ஆல்ஃபா பி 175. பாதிக்கு மேற்பட்ட இடங்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆல்ஃபா பிக்குச் செய்த எதிர்ப்பொருள், தன் பற்றிடம் ஏயிலும் இருந்தால், அதையும் பற்றிவிடும். இரட்டையரில் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் பெயரைச் சொல்வதுபோல. இதைக் குறுக்குப் பற்று எனலாம். ஒளிரும் கோடு தெரிந்துவிட்டது என்பதால் பெயர் சரி என்று ஆகிவிடாது.

அதனால் கவனமுள்ள ஆய்வாளர் சாட்சியையே முதலில் குறுக்கு விசாரணை செய்வார். இரு புரதங்களும் வேறுபடும் பகுதியைத் தேர்ந்தெடுத்து, அந்தத் துண்டை மட்டும் செயற்கையாகச் செய்து முயலுக்குக் கொடுப்பது ஒரு வழி. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்த முறையில், ஒரே செல் வம்சத்திலிருந்து ஒரே வகை எதிர்ப்பொருளை மட்டும் வளர்த்தெடுப்பது இன்னொன்று. இதை ஒருமூல எதிர்ப்பொருள் என்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கடைசிச் சோதனை ஒன்று உண்டு: அந்தப் புரதமே இல்லாத இடத்தில் எதிர்ப்பொருள் வாய்மூடி இருக்கிறதா? ஆல்ஃபா ஏ மரபணு நீக்கிய சுண்டெலிகளை 1997இல் உருவாக்கினார்கள். அவற்றுக்குப் புரை விழுந்தது. ஆல்ஃபா ஏக்கு உரியது என்று சொல்லப்படும் எதிர்ப்பொருள் அந்தச் சுண்டெலி வில்லையிலும் கோடு காட்டினால், சாட்சி பொய் சொல்கிறது என்று பொருள்.

இந்தப் பாடத்தைக் காவலூர் வானமும் ஒருமுறை சொல்லியிருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் அதைப் பதிவு செய்தார்கள். கோள் நெருங்கும் முன்பே விண்மீனின் ஒளி ஒருமுறை சட்டென்று தணிந்தது. அதற்குப் புதிய துணைக்கோள் ஒன்று காரணமாக இருக்கலாம் என்று முதலில் எழுதினார்கள். வானில் பறந்த அமெரிக்க ஆய்வு விமானமும் பிற நாட்டு ஆய்வகங்களும் பதிந்த தணிவுகளை அதனோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் அது யுரேனஸின் வளையம் என்று தெளிந்தது. காவலூர் பார்த்தது உண்மை. ஆனால் ஒற்றைத் தணிவுக்கு ஒரே பொருள் இல்லை. பல சாட்சிகள் ஒத்துப்போன பிறகே பெயர் உறுதியானது. வெஸ்டர்ன் பிளாட்டின் ஒற்றைக் கோட்டுக்கும் அதே நியாயம்தான்.

இந்தக் கவனம் ஏன் முக்கியம்? மருத்துவர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் அறிந்த புரை அறுவை மையம். கலங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லை வைப்பதே இன்றும் புரைக்கு வழி. சொட்டு மருந்து இல்லை. ஆனால் குழந்தைகள் சிலர் புரையோடு பிறக்கிறார்கள். அரவிந்தின் ஆய்வாளர்கள் இந்தியக் குடும்பங்களில் அத்தகைய பிறவிப் புரைக்குக் காரணமான கிரிஸ்டலின் மரபணுப் பிழைகளைத் தேடி 2008இல் வெளியிட்டார்கள். மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது முதல் பாதி. அந்த மாற்றத்தால் புரதம் உருவாகவே இல்லையா, உருவாகித் திரண்டுவிட்டதா, செல்லில் எந்த மூலையில் கிடக்கிறது என்று சொல்வது எதிர்ப்பொருள். தவறான எதிர்ப்பொருளை நம்பினால், ஒரு குடும்பத்தின் நோய்க்குத் தவறான காரணம் ஆவணத்தில் ஏறிவிடும். அடுத்து வருகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் அந்தப் பாதையிலேயே நடப்பார்கள். அதனால்தான் பால்பவுடர் கரைசலுக்கும், மரபணு நீக்கிய சுண்டெலிக்கும், எதுவும் தெரியாத வெற்றுப் படலத்துக்கும் ஆய்வாளர்கள் இவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள். அது வீண் நேரமல்ல. கண்டதை நம்பலாமா என்பதற்கான விடை அங்கேதான் கிடைக்கிறது.

ஜமுனாமரத்தூர் இலைக்குத் திரும்புகிறேன். அன்று பரிமாறிய சட்டியில் தலைக்கறியோடு ஆட்டின் இருதயத் துண்டுகளும் கிடந்தன. கண் பார்ப்பதற்கு, இருதயம் துடிப்பதற்கு. உருவத்திலும் ருசியிலும் துளி ஒற்றுமை இல்லை. இரண்டிலும் ஒரே தோழி காவல் இருந்தாள் என்பதை வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது. முயல் தந்த சாட்சி சொன்னது. சாட்சியைச் சோதித்த பிறகு நாம் ஏற்றுக்கொண்டோம்.